ஜப்பானில் நான் திறந்துவிட்ட மடை

செல்வி, இளங்கோ, ரெண்டு பேரும் இதைச் சேர்ந்து படிங்க. முடியாவிட்டால் ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தருக்கு அனுப்புங்க. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

செல்வி நேற்று ஜப்பானிலிருந்து அனுப்பிய போட்டோவை உங்கள் அம்மா இன்னும் கீழே வைக்கவில்லை. மலைச்சரிவில் ஒரு பார்க்கு, அதில் மரப்பலகை அடித்த பெரிய மேடை, ஓரத்தில் கைப்பிடிக் கம்பி, அதைப் பிடித்தபடி நீ. உனக்குப் பின்னால் கீழே ஒரு ஊரே விரிந்து கிடக்கிறது. அம்மா பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "கம்பி மேல சாயாதேன்னு சொல்லுங்க." போட்டோ எடுத்து முடித்து நீ ரூமுக்கே போயிருப்பாய் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

போட்டோவோடு நீ ஒரு கேள்வியும் போட்டிருந்தாய். "அப்பா, இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் நீ போயிருக்கியா, இல்ல ஒரு வருஷமும் மெஷினையே பாத்துட்டு வந்துட்டியா?"

போயிருக்கிறேன் கண்ணு. நன்றாகவே போயிருக்கிறேன். அந்த மாதிரி மேடையில் ஏறி நின்றதால் உன் அப்பனை அடுத்த விமானத்தில் ஊருக்குத் திருப்பி அனுப்ப இருந்தார்கள். இதில் பாதிதான் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குச் சுத்தமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் இதைப் படிக்க நீங்கள் ரெண்டு பேரும் இருந்திருப்பீர்களா என்பதே சந்தேகம். ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு டிராக்டர் ஒர்க் ஷாப்பில் இருந்தேன். வெளிநாட்டு கம்பெனிகள் உள்ளே வர ஆரம்பித்த காலம். கடைத்தெருவுக்குப் போனால் புதுப்புது பெயரில் சோப்பு, புதுப்புது பெயரில் டிவி. அப்படி வந்த ஒரு ஜப்பான் கம்பெனி, நாற்று நடும் மெஷினை நம் பக்கம் விற்கப் போகிறது, அதை ரிப்பேர் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும், ஒரு வருஷம் ஜப்பானில் ட்ரெயினிங் என்று எங்கள் ஒர்க் ஷாப்புக்கு வந்து பரீட்சை வைத்தார்கள். தேறியது ரெண்டே பேர். நான் ஒருவன். இன்னொருவன் பேராவூரணி சவரிமுத்து. தென்னந்தோப்புக்காரப் பிள்ளை. நெல்லைச் சோறாக மட்டும் பார்த்து வளர்ந்தவன்.

நாற்று நடும் மெஷின் என்றதும், நடவுக்குப் போய்க்கொண்டிருந்த என் அம்மா, உங்கள் அப்பாயி, கோபித்துக்கொள்ளும் என்று பயந்தேன். அது சொன்னது, "எங்க முதுகுக்கு வராத மெஷினாடா? போய் நல்லா கத்துக்கிட்டு வா." சொல்லிவிட்டுத் தெரு முழுக்க ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லியும் வந்தது. ஜப்பான் எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கு நாகூர்ப் பக்கம் கையைக் காட்டியதாம். கடல் அங்கேதானே இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் அம்மாவைப் பார்த்து முடிவு செய்திருந்தோம். அம்மாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பேசினால் ஒரே வார்த்தைதான். "ஒரு வருஷம் முழுசா முடிச்சு, அந்தச் சர்ட்டிபிகேட்டோட வரட்டும். அப்புறம் தேதி குறிக்கலாம்" என்றார். முழுசா என்பதை அழுத்திச் சொன்னார். துபாய் போன அவர் தங்கை மருமகன் மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாராம். அந்தச் சூடு ஆறவில்லை.

ஆகவே ஒரு வருஷம் என் தலைமேல் கத்தி மாதிரி தொங்கியது. அங்கே போய் இறங்கின முதல் வாரமே இன்னொரு கதை கேட்டோம். எங்களுக்கு முன்னால் வேறு தேசத்துப் பையன் ஒருவன், ரோட்டோரம் நின்ற சைக்கிளைச் சும்மா கிடக்கிறது என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டானாம். ஒரே வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் சூப்பர்வைசர் மொரிதா இதை இங்கிலீஷில் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "அடுத்தவர் பொருள். கேட்காமல். தொடக்கூடாது." நானும் சவரியும் மண்டையை மண்டையை ஆட்டினோம்.

அங்கே போய் நாலு மாதம் இருக்கும். ஆனி மாதக் கணக்கு. அங்கே அது மழைக்காலம். பத்து நாளாகத் தூறிக்கொண்டே இருந்தது திடீரென்று விட்டு, ஒரு வாரம் பளிச்சென்று வெயில். ஞாயிற்றுக்கிழமை மொரிதா ஒரு பேப்பரில் வழி வரைந்து கொடுத்து, மலையில் இருக்கிற பார்க்குக்குப் போய்வாருங்கள், மேலே தெம்போதாய் இருக்கிறது என்றார். நின்று பார்க்கிற மேடைக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். கேன்டீனில் ஆளுக்கு மூன்று சோற்றுருண்டை கட்டிக் கொடுத்தார்கள். கறுப்பாகக் கடல்பாசித் தாள் சுற்றிய உருண்டை. சவரி எப்போதும் அந்தத் தாளை உரித்து என்னிடம் கொடுத்துவிடுவான். எனக்கு அது கருவாட்டு வாசனை. விடமாட்டேன்.

மலை ஏறுவது எனக்கு அதுதான் முதல் தடவை. சிரிக்காதீர்கள். நம் பக்கம் மேடு எங்கே இருக்கிறது? நான் அதுவரைக்கும் ஏறின பெரிய உயரம் வைக்கோல் போர். அதற்கு அடுத்தது நெல் மூட்டை ஏற்றிய லாரி. சவரி மரமேறிப் பழகினவன், படிக்கட்டில் குரங்கு மாதிரி முன்னால் போய்க்கொண்டே இருந்தான். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று போனேன். வழி நெடுக ஊதாவும் நீலமுமாகப் பந்து பந்தாகப் பூ. ஈர மரப்பட்டை வாசனை, நம் ஊர் ரம்பம் போடுகிற இடத்தில் அடிக்குமே, அதே. என்னைவிட ரெண்டு மடங்கு வயசான அம்மாக்கள் குச்சி ஊன்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். போகிறபோது ஒவ்வொருத்தரும் குனிந்து வணக்கம் சொன்னார்கள். பதிலுக்குக் குனிந்து குனிந்தே எனக்குப் பாதி மூச்சு போய்விட்டது.

"மாப்ள, உன்னைக் கயிறு கட்டித்தான் இழுக்கணும் போல" என்று மேலேயிருந்து கத்தினான் சவரி.

"நீ போடா. நெலத்துல நடக்குறவன் நானு. உன்ன மாதிரி மட்டைல தொங்குறவன் இல்ல."

மேடைக்கு வந்து கம்பியைப் பிடித்தேன். எதிரே பார்த்தேன். செல்வி, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நெல். கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் நெல். மலை அடிவாரத்தில் ஆரம்பித்து அந்தக் கோடியில் ஆறு வரைக்கும் கட்டம் கட்டமாக நெல். கட்டத்துக்குக் கட்டம் நடுவில் தண்ணீர் மின்னுகிறது. நடுவே ஒரு ரயில் புழு மாதிரி ஊர்ந்து போகிறது. இருபத்து நாலு வருஷம் நான் நெல்லுக்குள்ளேயே கிடந்தவன். முழங்கால் வரைக்கும் நெல்லில் நின்றிருக்கிறேன், இடுப்பு வரைக்கும் நின்றிருக்கிறேன். ஆனால் நெல்லை மேலேயிருந்து நான் பார்த்ததே கிடையாது. நம் ஊரும் மேலேயிருந்து பார்த்தால் இப்படித்தானே இருக்கும், இத்தனை நாள் பருந்து மட்டும்தானே இதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று தோன்றியதும், எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நெல்லுடா சவரி! நெல்லுடா!" என்று கத்திவிட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஆமா. இத்தன ஆயிரம் மைல் பிளேன் ஏறி வந்து நெல்லப் பாக்குறான் இவன்" என்றான் சவரி. "உங்க ஊர்ப்பக்கம் குத்தாலத்துல பஸ் ஸ்டாண்டு பின்னாடி போனா சும்மாவே தெரியுமேடா."

எனக்கு அவன் பேச்சு காதில் ஏறவில்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, தண்ணி கட்டுகிற வேலை பார்த்தவர் என்று சொல்லியிருக்கிறேன். எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ஊரிலுள்ள நாலைந்து மிராசு வயல்களுக்கும் வாய்க்காலிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் அடைப்பதும் அப்பா வேலை. எங்கள் ஊரோ வாய்க்காலின் கடைசி. கடைமடை. ஆற்றில் தண்ணீர் வந்தாலும் எங்களுக்கு வருமா என்பது எப்போதும் சந்தேகம். அதனால் அப்பாவிடம் ஒரு பழக்கம். நடந்து போகிற வழியில் ஒரு வயல் காய்ந்து கிடந்து, பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடினால், அது யாருடையது என்று பார்க்கவே மாட்டார். கையால் மண்ணைத் தள்ளி மடையைத் திறந்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். ஊரில் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வயல்காரர் பிறகு பார்த்து, யாரோ புண்ணியவான் என்பார். தண்ணீருக்காக மண்வெட்டியால் மண்டையைப் பிளந்துகொண்ட ஊரும் அதுதான். ரெண்டும் ஒரே ஊர்தான், என்ன செய்வது.

அந்த மேடையில் நின்றபடி ரெண்டு நிமிஷத்தில் எனக்கு அந்த ஊர்ப் பாசனம் பூராவும் புரிந்துவிட்டது. ஆற்றிலிருந்து பெரிய வாய்க்கால் எங்கே பிரிகிறது, அதிலிருந்து கிளை எத்தனை, எது தலைமடை, எது கடைமடை. சவரிக்கு விரல் நீட்டி நீட்டிச் சொன்னேன். அவன் சோற்றுருண்டைப் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஒரு வயலில் என் கண் நின்றது. மலைக்குக் கிட்டத்தில், ஒரு கிளை வாய்க்காலின் கடைசியில் ஒரே ஒரு கட்டம். சுற்றிலும் மின்னுகிறது. அது மட்டும் மின்னவில்லை.

மேடையில் காசு போட்டுப் பார்க்கிற பெரிய பைனாகுலர் இருந்தது. போட்டுப் பார்த்தேன். பயிர் பச்சையாக நிற்கிறது, பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டி நல்ல வாட்டசாட்டமாக நிற்கிறது. அடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. விரல் போகும் வெடிப்பு. பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் தளும்பிப் போகிறது. மடையில் ஒரு பலகை. மூடியிருக்கிறது.

நம் பக்கத்திலும் ரெண்டு நாள் காயப்போட்டுத் தண்ணீர் விடுவது உண்டு. ஆனால் தூர் கட்டுகிற பயிரை மண் வெடிக்கிற வரைக்கும் எவன் காயப்போடுவான்? நான் கிளம்புவதற்கு முந்தின வருஷம்தான் நம் பக்கம் ஆற்றில் தண்ணீர் சரியாக வராமல், குறுவை அப்படியே நின்ற நிலையில் கருகிப்போயிருந்தது. அந்த வெடிப்பை நான் பார்த்திருக்கிறேன். அதில் அப்பா காலை விட்டுப் பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"சவரி, வாடா."

"எங்கடா? இப்பதான வந்தோம்! இன்னும் மீனு தொட்டி இருக்காம், கொரங்கு இருக்காம்..."

நான் பாதிப் படி இறங்கியிருந்தேன். ஏறும்போது ஒரு மணி நேரம். இறங்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஏறும்போது என்னைத் தாண்டிப் போன அம்மாக்களை இந்தத் தடவை நான் தாண்டினேன், குனிந்து வணக்கம் சொல்லக்கூட நிற்கவில்லை.

வயலைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. மேலேயிருந்து பார்த்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே போனேன், கடைசியில் வந்து நின்றது. சிமெண்டு வாய்க்கால், சிமெண்டிலேயே மடை, ரெண்டு பக்கமும் வெட்டிய காடியில் சொருகின பலகை. எவ்வளவு நேர்த்தி! பேண்டைச் சுருட்டி, பலகையைப் பிடித்து ஒரு இழுப்பு. தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து அந்த வெடிப்பில் இறங்குகிற சத்தம் இருக்கிறதே, தாகத்தில் மாடு குடிக்கிற சத்தம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் வடிகால் திறந்தே கிடக்கிறது. இதென்ன அநியாயம் என்று அதையும் மண்ணை வாரி நன்றாக அடைத்தேன்.

சவரி மூச்சு வாங்க வந்து ரோட்டிலேயே நின்றான். "டேய், மொரிதா என்ன சொன்னாரு? அடுத்தவங்க பொருளு!"

"பொருளா? பயிருடா இது. செத்துக்கிட்டிருக்கு."

"யாருதுன்னு தெரியுமா உனக்கு?"

"யாருதா இருந்தா என்ன?"

இதை நான் பிறகு பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாருடையது என்று கேட்க எனக்கு உண்மையிலேயே தோன்றவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வயல் கிடையாது. எங்களுக்கு எல்லா வயலும் வேலைதான். அதனால் எந்த வயலைப் பார்த்தாலும் அது எங்கள் வயல் மாதிரியே இருக்கும். சைக்கிள் அடுத்தவன் பொருள் என்று எனக்குத் தெரியும். மடை அடுத்தவன் பொருள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வயல் பாதிக்கு மேல் நிரம்பட்டும் என்று வரப்பில் உட்கார்ந்து சோற்றுருண்டையைப் பிரித்தோம். கடைசி உருண்டையில் இருக்கும்போது ஒரு குட்டி வெள்ளை டிரக் வந்து நின்றது. அகலத் தொப்பி, கழுத்தில் துண்டு, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மா இறங்கினார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். நான் எழுந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, தண்ணீரைக் காட்டினேன். நன்றி சொல்வார் என்று நினைத்தேன், கண்ணு. சத்தியமாக நினைத்தேன்.

அந்த அம்மா வயலைப் பார்த்தார். பிறகு வரப்பில் ஓட ஆரம்பித்தார். பலகையை எடுத்துக் காடியில் சொருகி மிதித்தார். அந்தப் பக்கம் ஓடி, நான் அடைத்த மண்ணைக் கையால் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். எறிந்துவிட்டு அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழகின விஷயம், தாங்கியிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, என் தலையிலிருந்த கம்பெனித் தொப்பியில் எழுதியிருந்ததைப் படித்தார். டிரக்கில் ஏறிப் போய்விட்டார்.

சவரி மெதுவாகக் கேட்டான். "மாப்ள, நன்றி சொன்னாங்களா?"

அன்றைக்கு மாலையே நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். என்ன தப்பு என்றே எனக்குப் புரியவில்லை, ஆனால் பெரிய தப்பு என்று மட்டும் தெரிந்தது. கண்ணை மூடினால் உங்கள் அம்மாவின் அப்பா வந்து நின்று "முழுசா" என்கிறார். உங்கள் அப்பாயி சொல்லி வைத்திருக்கிற அத்தனை வீட்டு வாசலையும் தாண்டி, நாலே மாதத்தில் பெட்டியோடு நான் நடந்து போக வேண்டும். எந்த வழியாகப் போனால் தெருவில் ஆள் குறைவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சுடுகாட்டுப் பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மொரிதா கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு வெள்ளைப் பேப்பர். முதலில் ஒரு நெற்பயிரை வரைந்தார். தண்ணீரில் நிற்கிற பயிர், வேர் மேலாகவே பரவியிருக்கிறது. பக்கத்தில் இன்னொன்று, வெடித்த மண்ணில். வேர் கீழே கீழே போகிறது. அங்கே எல்லாரும் நட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் வேண்டுமென்றே தண்ணீரை வடித்து வயலைக் காயப்போடுவார்களாம். வேர் தண்ணீர் தேடி ஆழம் போகும், கதிர் வைக்காத வெட்டித் தூர் கட்டுவது நிற்கும், காற்றடித்தால் பயிர் சாயாது. அந்த அம்மா மழை விடட்டும் விடட்டும் என்று காத்திருந்து, கிடைத்த ஒரு வாரத்து வெயிலில் முதல் ஆளாகக் காயப்போட்டிருந்தார். இன்னும் ரெண்டு நாளில் முடிந்திருக்கும். மழை திரும்ப வரப்போகிறது.

செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் ஓடிப்போய்த் தண்ணீர் விட்ட பயிர், நன்றாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை!

"அந்த வயல்கார அம்மா காலையில் இங்கே வந்தார்" என்றார் மொரிதா. "உன்னிடம் ஒன்று கேட்கவேண்டுமாம். வா."

மறுபடியும் அந்த வயல். அந்த அம்மா மடைப் பக்கம் நின்றிருந்தார். பெயர் ஃபுமிகோ. நான் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை, மன்னிக்கவேண்டும் என்பதை, அவர்கள் பாஷையில் ஏழெட்டுத் தடவை சொன்னேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டார். மொரிதா இங்கிலீஷில் சொன்னார். "ஏன்?"

என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். வாயால் முடியாமல் ஒரு குச்சியை எடுத்து ரோட்டோர மண்ணில் கீறினேன். இது எங்கள் ஆறு. தூரத்திலிருந்து வருகிறது, வேறு ஊர்க்காரர்கள் திறந்தால்தான் வரும். இது வாய்க்கால். இது கடைசி. இங்கே நாங்கள். என் அப்பா மடை திறக்கிற ஆள். தண்ணீர் வராவிட்டால் வெடிப்பு. வெடித்தால் பயிர் போச்சு. போச்சு என்பதற்குக் கையை விரித்துக் காட்டினேன். பிறகு என் வேகத்தில் அப்படியே அவர்கள் ஊரையும் கீற ஆரம்பித்துவிட்டேன். இது உங்கள் ஆறு, இது பெரிய வாய்க்கால், இந்தக் கிளை, அந்தக் கிளை, மலையிலிருந்து பார்த்தேன், இதில் கடைசி, இதோ நீங்கள்.

அந்த அம்மா குனிந்து என் கோட்டைப் பார்த்தார். மொரிதாவிடம் வேகமாக ஏதோ கேட்டார். "மேலேயிருந்து ஒரே பார்வையில் இதைக் கண்டுபிடித்தாயா என்கிறார். அவர் மகன் இந்த ஊரில் பிறந்தவன், டோக்கியோவில் ஆபீசில் இருக்கிறான். நம் வயல் எது என்று கேட்டால் ரோட்டிலிருந்து மூன்றாவது என்பானாம். அது பக்கத்து வீட்டுக்காரர் வயலாம்."

சொல்லும்போதே அந்த அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்துவிட்டார். மொரிதாவும் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு மொரிதா முகத்தை ஆபீஸ் முகமாக மாற்றிக்கொண்டு, கம்பெனி விதி ஒன்று இருக்கிறது, இவனை ஊருக்கு அனுப்பவேண்டியிருக்கும் என்று அவரிடம் சொன்னதாக எனக்குச் சொன்னார். அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு பதில் சொன்னார். மொரிதா அதை எனக்கு மொழிபெயர்த்தார்.

"இவனை அனுப்பிவிட்டால் என் வயல் தண்ணீரை யார் வடிப்பார்கள் என்கிறார்."

ஊருக்கு அனுப்புகிற பேச்சு அதோடு முடிந்தது. பத்து நாள், விடிந்ததும் வேலை ஆரம்பிக்கும் முன்னால் நானும் சவரியும் அந்த வயலில் இறங்கி, வரிசைக்கு வரிசை காலாலும் மண்வெட்டியாலும் சின்னச் சின்னக் கால்வாய் கீறித் தண்ணீரை வடிகாலுக்கு இழுத்தோம். சவரி ஒரு தப்பும் செய்யாதவன். "தேங்கா போட்டுக்கிட்டு ராஜா மாதிரி இருந்தேன்டா. உன்னால சேத்துல நிக்கிறேன்" என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் இறங்குவான். ஆனாலும் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. அந்த அம்மா வரப்பில் டீ வைத்துவிட்டுப் போவார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. மழை பிடித்துக்கொண்டது. வயல் மறுபடியும் அந்த அளவுக்குக் காயவே இல்லை. அறுப்புக்கு முன்னால் ஒரு புயல் அடித்தது. சுற்றிலும் பயிர் நின்றது. அந்த அம்மா வயலில் மட்டும், நான் தண்ணீர் விட்ட பாதி, அப்படியே பாயாகச் சாய்ந்துவிட்டது. அறுப்பு மெஷினால் அதை எடுக்க முடியவில்லை. என்னிடம் ஒரு அரிவாள் கொடுத்தார். நான் ஒரு ஞாயிறு முழுக்கக் குனிந்து அறுத்தேன். அவர் கட்டிக்கொண்டே வந்தார். அன்றைக்கும் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஊருக்கு வந்தபிறகு புதுவருஷத்துக்கு ஒரு கார்டு வரும், பூனை படம், நாய்க்குட்டி படம் போட்டு. சில வருஷம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஏன் என்று நான் எழுதிக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வராதோ என்று பயம்.

முழுசாக முடித்து, சர்ட்டிபிகேட்டோடு வந்தேன். அதை அம்மாவைப் பெற்ற தாத்தா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தேதி குறித்தார். கல்யாணமான அடுத்த வருஷம், சென்னைக்குக் குடிபோன ஒருத்தருடைய மூன்று மா நிலத்தை, ஒரு ஏக்கர் வரும், குத்தகைக்குப் பிடித்தோம். எங்கள் வீட்டில் முதல் சாகுபடி. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் புரண்டு வந்தது. கம்பெனியிலிருந்து நானே கொண்டுவந்த மெஷினில் நானே நட்டேன். அப்பா தினமும் ரெண்டு வேளை போய் மடையில் நின்று, நம்ம வயலுக்குத் தண்ணி போகுது என்று ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார்.

இப்போது நம் ஊர் வாய்க்காலுக்கு நீங்கள் வந்தால் அப்படி யாரும் நிற்பதைப் பார்க்க முடியாது. ஆளாளுக்குப் போர்வெல் போட்டாயிற்று. மோட்டார் ரூமுக்குப் பூட்டு. தண்ணி கட்டுகிற வேலைக்கு ஆளும் இல்லை, அப்படி ஒரு வேலை இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதும் இல்லை. வெட்டுக்குத்தும் குறைந்துவிட்டது, அது நல்லதுதான். ஆனால் காய்ந்து கிடக்கிற அடுத்தவன் பயிரைப் பார்த்து, யாருடையது என்று கேட்காமல் குனிகிற ஆள் ஒருத்தரும் இல்லை. போன வருஷம் நம் வயல் நாலு நாள் மோட்டார் ஓடாமல் கிடந்தது. ரோட்டில் போனவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அந்த முதல் குறுவைக்கு வருகிறேன். நட்டு முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. காயப்போடவேண்டும் என்று அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் அவருக்கு உயிர் போய்விடும். ஒருநாள் காலை அவர் உரம் வாங்கக் குத்தாலம் கடைத்தெருவுக்குப் போனார். நான் தனியாக வயலுக்குப் போனேன். வாய்க்கால் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்தேன். அந்தப் பக்கம் போய் வடிகாலைத் திறந்தேன். தண்ணீர் வெளியே போவதைப் பார்த்ததும், திரும்ப அடைத்துவிடலாமா என்று எனக்கே ஒரு தடவை தோன்றியது. திரும்பி வந்து, அடைத்த மண்ணின் மேல் ரெண்டு காலையும் வைத்து நன்றாக மிதித்தேன். பிறகு யாராவது புண்ணியவான் அந்த வழியாக வந்துவிடுவானோ என்று, ரோட்டைப் பார்த்தபடி அந்த மடை மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.